ஸ்டேடியம் காலி: கோடைக்கு மாற்றினால் கால்பந்துக்குக் கூட்டம் வருமா?

2018 ஜூன் 1, வெள்ளிக்கிழமை. மும்பை அந்தேரியில் இந்தியாவும் சீன தைபேயும் மோதின. இந்தியா 5-0 என ஜெயித்தது. கேப்டன் சுனில் சேத்ரி ஹாட்ரிக் அடித்தார். நேரில் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர்.

அடுத்த நாள் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். திட்டுங்கள், விமர்சனம் செய்யுங்கள், ஆனால் ஸ்டேடியத்துக்கு வந்து செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஜூன் 4, திங்கட்கிழமை, அதே மைதானத்தில் கென்யாவுடன் ஆட்டம். கொட்டும் மழை. ஆனால் டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது.

இடையில் மூன்றே நாள். மைதானம் மாறவில்லை, சீசனும் மாறவில்லை. வானிலை இன்னும் மோசமாகத்தான் ஆனது. கால்பந்துக்குக் கூட்டம் வரவில்லை, சீசனையே கோடைக்கு மாற்றினால் என்ன என்று யாராவது உங்களிடம் கேட்டால், இந்த மூன்று நாளை நினைவில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வி இப்போது ஏன்?

இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐஎஸ்எல், வழக்கமாக செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்கும். 2024-25 சீசன் செப்டம்பர் 13-ல் தொடங்கி ஏப்ரல் 12-ல் முடிந்தது.

அடுத்த சீசன் அப்படி நடக்கவில்லை. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய எஃப்எஸ்டிஎல் நிறுவனத்துக்கும் இடையே 2010-ல் போடப்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது. அது நீட்டிக்கப்படுமா என்று தெரியாததால், ஜூலையிலேயே சீசனை நிறுத்தி வைப்பதாக நிறுவனம் அறிவித்தது. சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின. வணிக உரிமைக்குக் கூட்டமைப்பு டெண்டர் விட்டபோது ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. கடைசியில் மத்திய விளையாட்டு அமைச்சகம் தலையிட்டு, 2026 பிப்ரவரி 14-ல் தொடங்கும் என்று தேதி அறிவிக்கப்பட்டது. 14 அணிகள், ஒவ்வொரு அணியும் மற்ற அணியுடன் ஒரே ஒரு முறை மோதும், மொத்தம் 91 லீக் ஆட்டங்கள்.

ஆக, யாரும் திட்டமிடாமலேயே ஐஎஸ்எல் கோடைக்குள் வந்துவிட்டது. "இதையே நிரந்தரமாக்கினால் என்ன?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

கோடைக்கு மாற்றச் சொல்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதலில் மழை. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, லீக்கின் முதல் பாதியும் அதே மாதங்களில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, சென்னையின் எஃப்சி தன் அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தை புனேவில் போய் ஆட வேண்டியிருந்தது. (அதில் 3-0 என ஜெயித்து, கோப்பையையும் வென்றது வேறு கதை.)

இரண்டாவது, வட இந்தியாவின் குளிர்காலம். நவம்பர் முதல் ஜனவரி வரை டெல்லியின் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் திறந்த கேலரியில் உட்கார எந்தப் பெற்றோரும் யோசிப்பார்கள்.

மூன்றாவது, பள்ளி விடுமுறை. ஏப்ரல், மே மாதங்களில் குடும்பத்தோடு வெளியே போக நேரம் இருக்கும். பரீட்சை பயம் இல்லை.

நான்காவது, உங்கள் செல்போன். சனி, ஞாயிறு மாலை தொடங்கி நள்ளிரவு வரை இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஓடுகிறது. ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை உண்டு. ஐரோப்பிய லீக்குகள் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம்வரை நடக்கின்றன. அவற்றிடமிருந்து முழுசாகத் தப்பிக்க வேண்டுமென்றால் ஜூன், ஜூலைதான் மிச்சம். அப்போது கொச்சி, கோவா, மும்பையில் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும்.

வெளிநாடுகளில் மாற்றினார்களே, என்ன ஆனது?

அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் அயர்லாந்து. அங்கே குளிரிலும் சேற்றிலும் ஆடிக்கொண்டிருந்த லீக்கை 2003-ல் மார்ச் முதல் நவம்பர் வரை என மாற்றினார்கள். மைதானம் நன்றாக இருந்தது, ஐரோப்பியப் போட்டிகளில் அணிகள் முன்னேறின. ஆனால் கூட்டம் உடனே அள்ளிக்கொண்டு வரவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் பல கிளப்புகள் கடனில் மூழ்கின. 2006-ல் சாம்பியன் ஆன ஷெல்போர்ன், பணப் பிரச்சினையால் மறு ஆண்டே இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது.

இப்போது அங்கே நிலைமை வேறு. 2025 பிப்ரவரியில் போஹீமியன்ஸ், ஷாம்ராக் ரோவர்ஸ் ஆட்டத்துக்கு டப்ளினில் 33,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கவனியுங்கள், பிப்ரவரி. அங்கே நல்ல குளிர். சீசன் மாறி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கூட்டம் இது. இடைப்பட்ட காலத்தில் அங்கே ஒரு பழக்கம் வேரூன்றியிருந்தது: வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் உள்ளூர் கால்பந்து. இன்னொன்று, அவர்கள் கோடை என்று சொல்வது ஏறக்குறைய 20 டிகிரி. நமக்கு அது பெங்களூரின் ஜனவரி மாலை.

மறுபக்கம், சில பெரிய லீக்குகள் இதற்கு நேரெதிராகப் போகின்றன. பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ஆடிவந்த ஜப்பானின் ஜே லீக், 2026 முதல் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும் சீசனுக்கு மாறுகிறது. உச்சக் கோடையில் நடக்கும் ஆட்டங்களைக் குறைப்பது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. அமெரிக்காவின் எம்எல்எஸ் லீக்கும் 2027-ல் ஐரோப்பிய காலண்டருக்குப் போகிறது. ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2023-லேயே மாறிவிட்டது.

இந்தியாவில் எப்போது கூட்டம் வந்தது?

இதற்கு வெளிநாட்டை விட நம் வரலாறே நல்ல பதில் சொல்லும். மூன்று உதாரணங்கள் பார்ப்போம்.

1997 ஜூலை 13, கொல்கத்தா. நல்ல மழைக்காலம். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1,31,781 பேர்.

2017 அக்டோபர். 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை ஆறு இந்திய நகரங்களில் நடந்தது. 52 ஆட்டங்களுக்கு 13.47 லட்சம் பேர் வந்தார்கள். அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத கூட்டம். இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறிய பிறகும் கூட்டம் குறையவில்லை.

2022 மே 2, மலப்புரம் மாவட்டம் மஞ்சேரி. சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம், கேரளாவும் மேற்கு வங்கமும். கடும் கோடை, ரமலான் நோன்பின் கடைசி நாட்கள், அதுவும் திங்கட்கிழமை. ஸ்டேடியத்தில் 25,000-க்கும் மேற்பட்டோர். தொலைக்காட்சியில் வரும் நட்சத்திரங்கள் இல்லை, வெளிநாட்டு வீரர்கள் இல்லை. மாநில அணிதான்.

ஒன்று மழைக்காலம், ஒன்று மழை ஓயும் மாதம், ஒன்று உச்ச வெயில். மூன்றிலும் இருந்த பொதுவான விஷயம் வேறு: வந்தவர்களுக்கு அந்த ஆட்டம் முக்கியம் என்று தெரிந்திருந்தது. எப்போது, எங்கே என்று வெகு முன்பே தெரிந்திருந்தது.

அப்போ கோடையில் என்ன சிக்கல்?

பெரிய சிக்கல் ஐபிஎல். மார்ச் கடைசியிலிருந்து மே கடைசிவரை ராத்திரி 7.30 மணி என்றால் அது ஐபிஎல்லின் நேரம். ஸ்பான்சர் பணம், டிவி நேரம், ஆபீஸ் அரட்டை எல்லாம் அங்கே போய்விடும். சேப்பாக்கத்தில் சுட்டெரிக்கும் வெயிலில் பிற்பகல் 3.30 மணி ஆட்டத்துக்கும் மஞ்சள் சட்டைக் கூட்டம் நிற்கிறது. வெயில் ரசிகர்களைத் தடுப்பதில்லை என்பதற்கும் இது சாட்சி, அதே சமயத்தில் கால்பந்தைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி.

அடுத்தது வீரர்களின் உடல்நிலை. கிரிக்கெட்டில் பந்துகளுக்கு நடுவே மூச்சு வாங்கலாம். கால்பந்தில் ஒரு நடுக்கள வீரர் 90 நிமிடத்தில் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார். மே மாதம் புவனேஸ்வர், ஜாம்ஷெட்பூரில் பகலில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சூரியன் மறைந்தாலும் புழுக்கம் போகாது. வெப்பம், ஈரப்பதம் எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32 டிகிரியைத் தாண்டினால் தண்ணீர் இடைவேளை விட வேண்டும் என்பது ஃபிஃபாவின் வழிகாட்டல். வெயிலுக்குப் பயந்துதான் கத்தார் உலகக் கோப்பையையே நவம்பருக்கு மாற்றினார்கள். தளர்ந்துபோன வீரர்கள் ஆடும் மந்தமான ஆட்டத்தைப் பார்க்க நீங்கள் மறுபடியும் டிக்கெட் எடுப்பீர்களா?

மூன்றாவது, இந்தியா ஒரே வானிலை உள்ள நாடு இல்லை. சென்னைக்கு நல்ல மாதம் கொச்சிக்கு ஆகாது, கொச்சிக்கு நல்ல மாதம் டெல்லிக்கு ஆகாது. எந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் யாராவது நனைவார்கள், யாராவது வேகுவார்கள்.

அப்படியானால் கூட்டம் ஏன் குறைந்தது?

2014-ல் ஐஎஸ்எல் தொடங்கியபோது சராசரியாக ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 25,000 பேர் வந்தார்கள். இப்போது ஏறக்குறைய அதில் பாதி. கேட்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் முழுக்கதை தெரியாது. முதல் சீசன் எட்டு அணிகள், பத்து வாரம், 61 ஆட்டங்கள். டெல் பியரோ, பிரேஸ், ட்ரெசகே போன்ற ஓய்வுக்காலத்து உலக நட்சத்திரங்கள் இருந்தார்கள். திருவிழா மாதிரி வந்து போனது. 2024-25-ல் 13 அணிகள், ஏழு மாதம், 163 ஆட்டங்கள். சராசரி பாதியானது, ஆனால் மொத்தத்தில் வந்தவர்கள் எண்ணிக்கை பாதியாகவில்லை.

திருவிழாவுக்குப் போவதும், மாதம் இரண்டு முறை தவறாமல் போவதும் வேறு வேறு விஷயங்கள். இரண்டாவதற்குப் பழக்கம் வேண்டும். பழக்கத்துக்கு நிச்சயம் வேண்டும். அதைத்தான் லீக் கொடுக்கவில்லை. 2023-24, 2024-25 இரண்டு சீசன்களிலும் முதலில் டிசம்பர் வரைக்குமான அட்டவணை மட்டுமே வெளியிடப்பட்டது. மீதி பிறகு வந்தது. 2025-26-ல் சீசன் நடக்குமா என்பதே பல மாதம் தெரியவில்லை. ஜனவரியில் எந்தக் கிழமை ஆட்டம் என்று தெரியாத ஒருவர் எப்படி லீவு போடுவார், ஊரிலிருந்து எப்படி ரயில் டிக்கெட் எடுப்பார்?

உங்கள் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். வார நாளில் 7.30 மணிக்கு ஆட்டம். ஆபீஸ் ஆறரைக்கு முடிகிறது, டிராஃபிக்கில் ஒரு மணி நேரம். ஆட்டம் முடியும்போது ஒன்பதரை. வெளியே வந்து மெட்ரோ இருக்கிறதா, ஆட்டோ கிடைக்குமா, சாப்பாடு எங்கே? மறுநாள் காலை மீட்டிங் வேறு. மழையை விட இந்தக் கணக்குதான் பலரை வீட்டிலேயே உட்கார வைக்கிறது. 2023-ல் சேப்பாக்கம் ஐபிஎல் ஆட்டங்களுக்கு டிக்கெட் வைத்திருந்தால் சென்னை மெட்ரோவில் இலவசப் பயணம் என்று ஏற்பாடு செய்தார்கள். கொச்சியில் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம். இவை சின்ன விஷயங்கள் இல்லை.

சரி, என்னதான் செய்யலாம்?

சீசனின் எல்லையில் சில திருத்தங்கள் செய்யலாம். அக்டோபர், நவம்பரில் சென்னை அணிக்கு வெளியூர் ஆட்டங்களை அதிகமாகக் கொடுக்கலாம். குளிர்கால மூட்டத்தின்போது டெல்லி ஆட்டங்களைத் தள்ளி வைக்கலாம். ஐபிஎல் சூடுபிடிக்கும் முன் லீக்கை முடிக்கலாம். இதற்கு சீசனைத் தலைகீழாக்க வேண்டியதில்லை, அட்டவணை போடுபவர் வரைபடத்தைப் பார்த்தால் போதும்.

அதை விட முக்கியம் மூன்று. முழு அட்டவணையும் சீசன் தொடங்கும் முன்பே வர வேண்டும். ஒவ்வொரு அணிக்கும் சொந்த மண்ணில் முடிந்தவரை ஒரே கிழமை, ஒரே நேரம் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டும் இந்த லீக் இருக்கும் என்ற உத்தரவாதம் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் பிப்ரவரிக்கு மாற்றினாலும், ஜூலைக்கு மாற்றினாலும், காலி நாற்காலிகள் கூடவே வரும்.

சேத்ரி போல ஒருவர் ஒவ்வொரு வாரமும் வீடியோ போட முடியாது. அடுத்த சீசனுக்கான அறிவிப்பு வரும்போது எந்த மாதம் தொடங்குகிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். கடைசி ஆட்டத்தின் தேதியும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.