கட்டளையா, யோசனையா?

பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு ஆங்கிலம் பிறகு வந்து சேர்ந்த மொழி. ஆனாலும் ஒரு விஷயத்தில் பிரெஞ்சு இலக்கணம் எங்களுக்குக் கை கொடுத்தது. 'இல் ஃபோ கெ' என்று ஆரம்பித்தால் பின்னால் 'து ஏ' வராது, 'து சுவா'தான் வரவேண்டும். வினைச்சொல் சேதி சொல்கிறதா, கட்டளையிடுகிறதா, இல்லாததை இருப்பதாக நினைத்துப் பார்க்கிறதா என்ற அந்தப் பாங்குக்கு பிரெஞ்சில் 'மோட்' என்று பெயர். ஆங்கிலத்தில் அது 'மூட்'. 'இன்றைக்கு மூட் சரியில்லை' என்கிறோமே, அந்த மூட் அல்ல.

ஒரே வாக்கியத்தில் காரணமில்லாமல் இது மாறக்கூடாது. அரசாங்க அறிவிப்புகளில் மாறிக்கொண்டே இருக்கும். 'ஃபில் அப் தி ஃபார்ம் அண்ட் யூ ஷுட் அட்டாச் டூ காப்பீஸ்.' முன்பாதி கட்டளை; பின்பாதி புத்திமதி மாதிரி இருக்கிறது. நகல் கட்டாயமா, இல்லையா? 'அண்ட் அட்டாச் டூ காப்பீஸ்' என்று எழுதினால் தீர்ந்தது.

'இஃப் ஐ வேர் தி ஆபீசர் அண்ட் ஐ வாஸ் ஃப்ரீ' என்பதும் இதே கோளாறுதான். இரண்டுமே கற்பனை. அதனால் இரண்டு இடத்திலும் 'வேர்' வரவேண்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, 'நீ சொல்கிறாயா, ஏவுகிறாயா, நினைக்கிறாயா?' என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். பதில் மாறினால், மாறக் காரணம் உண்டா என்று பாருங்கள். 'பாஸ்புக் கொண்டு வரவும். கவுண்டர் ஒரு மணிக்கு மூடப்படும்' என்பதில் தப்பில்லை. ஒன்று கட்டளை, மற்றது தகவல்.

"அர்த்தம்தான் புரிகிறதே, இலக்கணம் எதற்கு?" என்பார்கள். யாருக்குப் புரிகிறது? விதி தெரிந்தவருக்குப் புரியும். குடும்ப ஓய்வூதியத்துக்காக வரிசையில் நிற்கும் அம்மாவுக்குப் புரியாது. "நகல் எங்கே? அதான் போட்டிருக்கே!" என்று திருப்பி அனுப்பினால், இன்னொரு நாள், இன்னொரு பஸ் செலவு. எழுதினவர் செய்த தவறுக்கு, படித்தவர் தண்டம் கட்டுகிறார்.

தமிழ் அறிவிப்புகளும் இதில் சளைத்தவை அல்ல. 'படிவத்தை நிரப்பவும், இரண்டு நகல் இணைக்கலாம்' என்கிறார்கள். 'கலாம்' என்றால் இணைக்காமலும் இருக்கலாம் என்றுதானே பொருள்? கட்டாயம் என்றால் 'இணைக்கவும்' என்றே எழுதட்டும். கட்டாயமில்லை என்றால், நகல் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாமல் இருக்கட்டும்.