பிள்ளைகள் பந்தலில் இருக்கிறார்கள்

2025 நவராத்திரி முடிந்து கூடிய நம் சங்க நிர்வாகக் குழுவில், காப்பி வருவதற்கு முன்பே அந்தப் பேச்சு வந்துவிட்டது. சப்தமி மாலை நம் மண்டபத்தில் வீணைக் கச்சேரி வைத்திருந்தோம். 150 நாற்காலி போட்டோம். வந்தவர்கள் 22 பேர். அதில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் ஒரே ஒருவர். அவரும் மைக் செட்காரர்.

"நம் பிள்ளைகள் எல்லாம் எங்கே?" என்று ஒருவர் கேட்டார். "எங்கே போவார்கள், பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள்" என்றார் இன்னொருவர். "பெங்காலியாகவே ஆகிவிட்டார்கள் ஸார்" என்று மூன்றாமவர் முடித்து வைத்தார். எல்லோரும் தலையை ஆட்டினோம்.

இந்த மூன்று வாக்கியங்களையும் நான் இருபது வருஷமாகச் சொல்லி வந்தவன். அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

கல்கத்தாவில் (2001 முதல் கொல்கத்தா, என் நாக்கு இன்னும் பழகவில்லை) துர்கா பூஜை என்றால் என்ன என்று இங்கே குடியிருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாலைந்து நாளும் ஊர் தூங்குவதில்லை. மெட்ரோ ரயில் விடிய விடிய ஓடுகிறது. 'பாண்டேல்' என்று அவர்கள் சொல்வது நம் பந்தல்தான் என்பதில் எனக்கு ஒரு சின்னக் கர்வம் உண்டு. சொல்லைக் கொடுத்தவர்கள் நாம், அதன் கீழே ஊரைக் கூட்டியவர்கள் அவர்கள்.

இரவெல்லாம் கால் கடுக்க நடந்து, ஒவ்வொரு பந்தலிலும் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்து, எக் ரோல் தின்று வீடு திரும்பும் கூட்டம் ஒன்று உண்டு. அதில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாலிபத்தில் அதுவும் வேண்டியதுதான். ஆனால் நான் பேச வந்தது அந்தக் கூட்டத்தைப் பற்றி அல்ல. பந்தலுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கூட்டத்தைப் பற்றி.

என் பேத்திக்கு 23 வயது. சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எங்கள் தெருக் குழுவின் பூஜையில் இரண்டு வருஷமாக அவள்தான் கணக்கு. கணக்கு என்றால் நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவு எழுதுவது மட்டும் இல்லை. போலீஸ், தீயணைப்பு, மின்சாரம் என்று அனுமதி வாங்கியதற்கான காகிதங்கள் அவளிடம். 2025ல் மாநில அரசு ஒவ்வொரு பூஜைக் குழுவுக்கும் 1,10,000 ரூபாய் கொடுத்தது. அதை எப்படிச் செலவழித்தோம் என்று சான்றிதழ் தர வேண்டும், அதுவும் அவளிடம். மூர்த்தி செய்யும் குமார்துலிக்காரருக்கு முன்பணம், தாக் வாசிக்க கிராமத்திலிருந்து வருபவர்களுக்குத் தங்க இடம், அஷ்டமி அன்று 600 பேருக்குக் கிச்சடி போகம். இத்தனையும் அந்தத் தெருவின் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் செய்கிறார்கள். அதில் இருவர் நம்மவர்கள், ஒருவன் பீகாரி, ஒருத்தி மார்வாடிப் பெண், மற்றவர்கள் வங்காளிகள்.

வீட்டில் தன் புடவையை மடித்து வைக்கச் சொன்னால் "நாளைக்கு" என்பவள்!

பூஜை தொடங்கும் முன் தெருவில் 'ஆனந்தமேளா' என்று ஒரு மாலை நடக்கும். வீட்டுப் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்து மேஜை போட்டு விற்பார்கள். பேத்தியும் அவள் தோழியும் கொண்டைக்கடலைச் சுண்டல் கொண்டு போனார்கள். 'தேங்காய் போட்ட குக்னி' என்று பெயர் பரவி, முக்கால் மணி நேரத்தில் பாத்திரம் காலி. அதே மாலை எங்கள் வீட்டுக் கொலுவுக்குச் செய்த சுண்டல், வந்து வாங்கிக்கொள்ள ஆளில்லாமல், மறுநாள் காலை வேலைக்காரப் பெண்மணியின் டப்பாவுக்குப் போயிற்று. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் என்னவோபோல் இருந்தது.

ஆனால் என் அபிப்பிராயம் மாறியது சுண்டலால் அல்ல, மழையால்.

2025 செப்டம்பர் 22 நவராத்திரி முதல் நாள். அன்று இரவு பிடித்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்துபோனார்கள். எங்கள் வீடு தரைத்தளம். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து பார்க்கிறேன், தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டது. கொலுவின் முதல் படி நனைந்துகொண்டிருந்தது. அதில்தான் 1958ல் என் தாயார் மாயவரத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த மரப்பாச்சி ஜோடி. கரண்ட் இருக்கிறதா, போய்விட்டதா, எதைத் தொடலாம், ஒன்றும் புரியவில்லை.

பேத்தி யாருக்கோ போன் செய்தாள். கால் மணி நேரத்தில் நாலு பையன்கள் வந்தார்கள். தங்கள் பந்தலில் மூங்கில் சாய்ந்து கிடக்கிறது, அதை விட்டுவிட்டு வந்தார்கள். முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்தார்கள். பிறகு என் மனைவியை மாடி வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பிறகு, நான் சொல்லாமலே, ஒரு பொம்மை விடாமல் எடுத்து மாடிக்குக் கொண்டு போனார்கள். மரப்பாச்சியைக் கையில் வாங்கிய பையன், "தாதூ, இவர்கள் யார்?" என்று கேட்டான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவனுக்குக் கொலு என்றால் என்னவென்று விளக்கினேன். அந்தப் பையன்தான் அஷ்டமி அன்று என் வீட்டு மாடியில் வந்து உட்கார்ந்து கொலுவைப் பார்த்தான். நம் சங்கத்தார் எவரும் அந்த வருஷம் வந்து பார்க்கவில்லை. நானும் யார் வீட்டுக்கும் போகவில்லை; குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இனி, சொல்லக் கூச்சமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

2023ல் நம் சங்கத்து இளைஞர்கள் ஏழெட்டுப் பேர், என் பேத்தியும் சேர்த்து, நிர்வாகக் குழுவுக்கு ஒரு மனு கொடுத்தார்கள். மண்டபத்தில் வைக்கும் கொலுவை அந்த வருஷம் தங்களிடம் விடவேண்டும் என்று. அவர்கள் யோசனை இது: கல்கத்தாவுக்குத் தமிழர் வந்த கதையைப் படிகளில் சொல்வது. மதராஸ் மெயிலில் ஹௌராவில் வந்து இறங்கியது, டல்ஹௌசி ஸ்கொயர் கம்பெனிகளில் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் உட்கார்ந்தது, லேக் மார்க்கெட் பக்கம் மெஸ்ஸும் மளிகைக் கடையும் வந்தது. வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களும் கடிதங்களும் வாங்கி வைப்பது. பெரியவர்களின் குரலைப் பதிவு செய்து ஒலிக்கச் செய்வது.

இந்த யோசனை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. 2020ல், ஊரடங்கில் கூலித் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய அந்த வருஷத்தில், பேஹாலாவில் பரிஷா கிளப் துர்கையைக் குழந்தையை ஏந்திய புலம்பெயர் தொழிலாளித் தாயாக வடித்து வைத்தது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் "நம் வீட்டுக் கதையும் இதுதானே" என்று நினைத்திருக்கிறார்கள். நினைத்தது தமிழில், கேட்டது நம்மிடம்.

நாம் என்ன செய்தோம்? "கொலு கொலுவாக இருக்கட்டும், பரீட்சையெல்லாம் வேண்டாம்" என்று தீர்மானித்தோம். அவர்களை வாசலில் கோலம் போடவும், பன்னீர் தெளிக்கவும், கடைசியில் நாற்காலி அடுக்கவும் சொன்னோம். நன்றியுரையில் 'இளைஞர் அணிக்கும் நன்றி' என்று ஒரு வரி. அன்று யோசனைக்கு எதிராகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் எதிரே சுவரோரம் பேத்தி நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் அவள் பேசவில்லை. அடுத்த வருஷம் தெருக் குழுவில் சேர்ந்துவிட்டாள்.

அந்தக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர், பழையதைத் தொடக்கூடாது என்பதற்கு மகாளயத்தை உதாரணம் காட்டினார். வங்காளிகளுக்கு மகாளய விடியல் என்றால் வானொலியில் 'மகிஷாசுரமர்த்தினி'. பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் சண்டி பாராயணம். 1976ல் வானொலி நிலையம் அவர் குரலை எடுத்துவிட்டு நடிகர் உத்தம் குமாரை வைத்தது. ஊர் கொதித்தது, பழைய ஒலிப்பதிவே திரும்ப வந்தது. "பார்த்தீர்களா?" என்றார் அங்கத்தினர். நாங்களும் பார்த்தோம்.

பிறகுதான் எனக்கு உறைத்தது, நாங்கள் பாதிக் கதையைத்தான் பார்த்தோம் என்று. அந்த நிகழ்ச்சி 1930களின் தொடக்கத்தில் பிறந்தது. பத்ரா பிறந்தது 1905ல். இசையமைத்த பங்கஜ் மல்லிக்கும் 1905. எழுதிய பாணி குமார் 1907. மூவரும் முப்பதைத் தொடாத பையன்கள்! பிராமணர் அல்லாத ஒருவர் சண்டி படிப்பதா என்று அப்போது ஆட்சேபம் எழுந்ததாகவும் சொல்வார்கள். நம் போன்ற ஒரு நிர்வாகக் குழு அன்று வானொலி நிலையத்தில் இருந்திருந்தால் அந்த மூவரையும் நாற்காலி அடுக்க அனுப்பியிருக்கும். இன்று எந்தக் குரலை மாற்றக்கூடாது என்கிறோமோ அந்தக் குரலே இருந்திருக்காது.

தெருக் குழு ஏதோ சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் முப்பது வருஷமாகச் செயலாளர் நாற்காலியில் இருக்கும் 'தாதா'க்கள் உண்டு. பெரிய பூஜைகளில் விளம்பர வளைவும் கம்பெனிப் பணமும் வந்தபின், ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய்ச் சந்தா கேட்கும் பையன்கள் குறைந்துவிட்டார்கள். அந்தச் சந்தாவில்தான் ஒரு பிள்ளைக்குத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அரசியல்வாதியின் முகம் தேவியின் முகத்தைவிடப் பெரிதாக இருக்கும் பந்தல்களையும் பார்த்திருக்கிறோம். 2015ல் தேசப்ரியா பார்க்கில் உலகிலேயே பெரிய துர்கை என்று விளம்பரம் செய்து, கூட்டம் தாங்காமல் போலீஸ் மூடிவிட்டதை நான் நேரில் பார்த்தேன்; செருப்பு ஒன்று போயிற்று. எதிர்வீட்டு வங்காளிப் பெரியவரும் "எங்கள் பையன்கள் எல்லாம் பெங்களூர், புனே போய்விட்டார்கள், பூஜைக்கு ஆள் இல்லை" என்று என்னிடம் புலம்புகிறார். இந்தப் புலம்பல் நமக்கு மட்டும் சொந்தம் அல்ல என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல்.

இந்தப் பிள்ளைகளுக்கு விழா என்றால் கேளிக்கை மட்டும்தான் என்பதையும் நான் ஒப்பமாட்டேன். 2024ல் ஆர்.ஜி. கர் மருத்துவமனை டாக்டர் பெண்ணின் கொலைக்குப் பிறகு வந்த பூஜையில், இளம் டாக்டர்கள் எஸ்ப்ளனேடில் உண்ணாவிரதம் இருந்தார்கள். சில குழுக்கள் அரசு மானியமே வேண்டாம் என்றன. எங்கள் தெருவில் ஆடல் பாடலை நிறுத்துவதா வேண்டாமா என்று இரண்டு இரவு வாதம் நடந்தது. அந்த வாதத்தில் என் பேத்தி பேசியதை ஜன்னல் வழியே கேட்டேன். இத்தனை தீர்க்கமாக அவள் நம் சங்கத்தில் பேசி நான் கேட்டதில்லை. பேச நாம் இடம் கொடுத்ததில்லை என்பதே சரி.

"எல்லாம் சரி, தமிழ்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். இந்தக் கட்டுரையைப் படிக்க அவளுக்கு அரை நாள் ஆகும். ஆனால் 2023ல் அந்தக் கொலுவுக்காக அவள் கேட்ட பழைய கடிதங்கள் தமிழில் இருந்தன. என் தாயாரின் கையெழுத்தைப் படிக்க என் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தாள். நாம் யோசனையை நிராகரித்த அன்று கடிதங்கள் மறுபடி டிரங்குப் பெட்டிக்குள் போயின. தமிழ் வகுப்பு நடத்தி நாம் சாதிக்காததை அந்த ஒரு வாரம் சாதித்துக்கொண்டிருந்தது.

நம் சங்கத்தில் இன்று நாற்காலி போடுபவர்களுக்கே முழங்கால் வலி. குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகின்றன. இன்னும் பத்து வருஷத்தில் மண்டபத்தின் சாவியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி வரும்.

ஆகவே அடுத்த நிர்வாகக் குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். வரும் நவராத்திரிக்கு மண்டபம் ஒன்பது நாளும் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் பொறுப்பில். ஒதுக்கிய தொகை முழுவதும் அவர்கள் கையில், காசோலையில் அவர்களில் இருவர் கையெழுத்து. கச்சேரியா, கதையா, படமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். நமக்குப் பிடிக்காமல் போகலாம். சத்தமாக இருக்கலாம். அறிவிப்பில் தமிழும் வங்காளமும் கலந்து வரலாம். நாம் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து சுண்டல் வாங்கிக்கொள்வோம்.

"பணம் வீணாய்ப் போனால்?" என்று ஓர் அன்பர் இப்போதே தொலைபேசியில் கேட்டுவிட்டார். 22 பேருக்கு 150 நாற்காலி வாடகை கொடுத்த குழு இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று பதில் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

பேத்தியிடமும் விஷயத்தைச் சொன்னேன். அவள் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மினிட்ஸ்ல எழுதிக் கொடுங்க தாத்தா, அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.