முப்பது பேரில் நாங்கள் எத்தனை?

தனியார் பார்மசி கல்லூரி ஒன்றின் வரவேற்பறையில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தார்கள். கேரளம், ஆந்திரம், மணிப்பூர், நேபாளம் என்று புள்ளி வைத்திருந்தது. எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இங்கே கலந்து படிக்கிறார்களாம். சேரிக்கு மட்டும் புள்ளி இல்லை.

எங்கள் தெருப் பெண்ணுக்கு ஃபார்ம்.டி. இடம் கேட்டுப் போயிருந்தேன். அவள் அம்மா அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. "நிர்வாக ஒதுக்கீட்டுலதான் சீட் இருக்கு, பணத்தைக் கட்டிட்டுச் சேருங்க" என்றார் எழுத்தர். ஸ்காலர்ஷிப் கேட்டேன். "அது இதுக்கு வராதுங்க." அந்தம்மா ஒண்ணும் பேசல. சான்றிதழ்களை மறுபடி மஞ்சப்பைக்குள்ள வச்சாங்க.

எழுத்தர் பொய் சொல்லவில்லை. கொடுமையே அதுதான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலிருந்து 2018-இல் மத்திய அரசின் நெறிமுறை வெளியே தள்ளியது. தனியார் கல்லூரியிலும் இட ஒதுக்கீடு செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 15(5) பிரிவு 2006-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. தமிழ்நாடும் அதே ஆண்டில் சட்டம் போட்டது. ஆனால் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களோடு ஒதுக்கீடு நின்றுபோகிறது. மிச்சம் காசுள்ளவனுக்கு.

2008-இல் வந்த படிப்பு இது. ஐந்து ஆண்டு படிப்பு, ஓராண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சி. வகுப்புக்கு 30 பேர் என்றது அன்றைய விதி. முப்பது இடத்துக்கும் 18 சதவீதம் போட்டாலே ஐந்து பேர்தான். பழங்குடியினரின் 1 சதவீதத்துக்கு ஒரு முழு ஆள்கூடத் தேறாது. அதிலும் பாதியை விற்றுவிட்டு 'பன்முகம்' என்று பேச வெட்கமில்லையா?

டி.பி.க்குத் தரும் ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரத்தம் என்று பயந்து மருந்தை விட்டவர்கள் எங்கள் தெருவில் உண்டு. அதை உட்கார்ந்து விளக்க வேண்டியதுதான் இந்தப் படிப்பின் வேலை. தள்ளி நின்று பேசுகிறவனிடம் எங்கள் ஆத்தா வாய் திறந்து சந்தேகம் கேட்பாளா?

ஆனாலும் எங்களுக்கு எங்கள் பிள்ளைதான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று இடம் கேட்கவில்லை. எல்லாருக்கும் பார்ப்பாள் அவள். கேட்பது பங்கு.

ஒவ்வொரு கல்லூரியும் சாதிவாரிக் கணக்கை வெளியிடட்டும். எல்லா இடங்களுக்கும் ஒதுக்கீடு வரட்டும். பணம் கட்டினால்தான் சேர்க்கை என்பது ஒழியட்டும்.

வார்டைப் பெருக்குகிறவள் எங்கள் சாதியாக இருக்கலாம், மருந்துச்சீட்டைச் சரிபார்க்கிறவள் இருக்கக்கூடாதா? அந்த மஞ்சப்பையை மறுபடி தூக்கிக்கொண்டு வருவோம். இந்தமுறை தனியாக இல்லை.