பிளேனுக்குக் கீழே ஒரு நாய்

கல்கரியில தம்பி வீட்டில ஒரு கிழமை நிண்டுவிட்டு றிச்மண்ட் ஹில்லுக்குத் திரும்பும்போது நடந்தது இது. பிளேன் கேற்றை விட்டு நகரத் தொடங்க, காலுக்குக் கீழே "வவ்... வவ்... வவ்" என்று ஒரு சத்தம். எட்டு வயது மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அப்பா, கீழ ஒரு நாய் அடைபட்டிருக்கு!" பக்கத்து சீற்றில அம்மம்மா, "ஏதும் உடைஞ்சு போச்சோ தெரியேல்ல" என்று முருகனைக் கூப்பிடத் தொடங்கிவிட்டா. நான், "ஒண்டுமில்லை, பேசாமல் இரு" என்றேன். எங்கட அப்பாமார் எங்களுக்குச் சொன்ன அதே பதில். மகள் வீடு வரும்வரை நித்திரை கொள்ளவில்லை.

அந்த "ஒண்டுமில்லை" எனக்கே உறுத்தியது. தேடி வாசித்தேன்.

நாங்கள் வந்தது ஏர்பஸ் ஏ320. அதில் சக்கரம், பிரேக், இறக்கையில் மேலும் கீழும் அசையும் தகடுகள் எல்லாவற்றையும் அசைப்பது ஹைட்ரோலிக் எண்ணெய். பச்சை, மஞ்சள், நீலம் என்று மூன்று தனித்தனிக் குழாய் அமைப்புகள். பச்சைக்கு ஒரு எஞ்சின், மஞ்சளுக்கு மற்ற எஞ்சின். ஒன்றில் அழுத்தம் விழுந்தால், மற்றதன் பலத்தைக் கொடுக்க நடுவில் ஒரு கருவி. எண்ணெய் கலக்காது, பலம் மட்டும்தான் போகும். எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுற நேரம் அது விட்டுவிட்டு இயங்கும். அதுதான் எங்கட நாய்.

சனிக்கிழமை ஒரு சின்ன சிரிஞ்ச், ஒரு பெரிய சிரிஞ்ச், நடுவில் ரியூப், உள்ளே தண்ணீர். சின்னதை அம்மம்மா அமத்த, பெரியதை நான் பெருவிரலால் தடுக்க வேண்டும். நான் தோற்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். (காற்றுக்குமிழி இருந்தால் சரிவராது.) கார் டயரில் 35 பிஎஸ்ஐ அளவில் அழுத்தம், பிளேனின் குழாயில் 3000.

பிறகு கேட்டாள்: "ரெண்டு எஞ்சினும் நிண்டால்?"

சொல்லுவதா விடுவதா என்று யோசித்தேன். சொன்னேன். 2001 ஓகஸ்டில் எங்கட ரொறன்ரோ பியர்சனில் இருந்து லிஸ்பனுக்குப் போன எயார் ட்ரான்சாற் 236, ஏ330. புதிதாக மாற்றிய எஞ்சினில் ஹைட்ரோலிக் குழாயும் எரிபொருள் குழாயும் உரசி, எரிபொருள் ஒழுகி, அத்திலாந்திக்கின் மேலே இரண்டு எஞ்சினும் நின்றுவிட்டன. உள்ளே 306 பேர். அப்போது வெளியே ஒரு சின்னக் காற்றாடி விரிந்தது. பிளேன் பறக்கிற வேகத்துக் காற்றே அதைச் சுழற்ற, அது ஹைட்ரோலிக் பம்பை ஓட்டியது. அந்த அழுத்தத்தை வைத்துத்தான் கப்டன் றொபேர் பிஷேயும் துணை விமானியும் 19 நிமிடம்போல மிதந்து அஸோர்ஸ் தீவில் இறக்கினார்கள். சிலருக்குக் காயம், ஒருவரும் சாகவில்லை.

அம்மம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தா. "அந்தக் காத்தாடி எல்லாப் பிளேனிலயும் இருக்கோ?" என்றா. பெரிய ஜெற்களில் பெரும்பாலும் இருக்கு என்றேன். முழுசா நம்பினமாதிரித் தெரியேல்ல.

டிசம்பரில் யாழ்ப்பாணம் போகிறோம். கொழும்புவரை ஏ330. அதில் அந்தக் குரைக்கிற கருவி இல்லை என்று மகள் தானே கண்டுபிடித்துவிட்டாள். இப்ப அவளுக்கு அதுதான் கவலை: "நாய் இல்லாமல் எப்படி அப்பா போறது?"