கவச வண்டியைக் காக்கும் கைகள்

போர் வெற்றிகளைப் பற்றிப் பேசுங்கால் தளபதிகளை நினைக்கிறோம். களத்தில் நின்று சுட்ட வீரர்களை நினைக்கிறோம். அது முறையே. ஆயினும், நாற்பது டன் எடையுள்ள டாங்கியைக் களம் வரையில் பழுதின்றி ஓடச் செய்த மெக்கானிக்கை நினைப்பவர் மிகச் சிலர். நம் குடும்பங்களில் ராணுவப் பட்டறைகளில் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவ்வேலைக்குச் செல்ல விரும்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆதலின் இத்திங்கள் அத்தொழிலைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

இப்பணிக்கென்றே 1943-இல் ஒரு தனிப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. இ.எம்.இ. என்று அதனைச் சுருக்கமாக அழைக்கிறோம். செகந்தராபாத்தில் அதற்கெனக் கல்லூரி ஒன்று உண்டு. டாங்கிப் படை எங்கே செல்கிறதோ அங்கே இப்பிரிவின் ஃபிட்டர்களும் உடன் செல்வார்கள். அங்கேயே தீர்க்கக்கூடிய பழுதை அவர்களே தீர்ப்பார்கள். தீராததைப் பின்னாலுள்ள பட்டறைக்கு அனுப்புவார்கள். முற்றிலும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டிய வண்டியோ பெரும் பட்டறையைச் சேரும்.

வேலையின் தன்மையைப் பாருங்கள். டாங்கிக்கு ரப்பர் சக்கரம் தரையில் ஓடுவதில்லை. இரும்புக் கண்ணிகளை முளைகளால் கோத்த சங்கிலித் தடமே ஓடுகிறது. அது தளர்ந்தால் திருப்பத்தில் கழன்று விழும். அளவுக்கு மீறி இறுகினால் விரைவில் தேயும். ராஜஸ்தான் மணலில் காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்யத் தவறினால், நுண்ணிய தூசி உட்புகுந்து சிலிண்டரை அரித்துவிடும். லடாக்கின் குளிரிலோ எண்ணெய் கெட்டிப்படும், பேட்டரி வலுவிழக்கும். டி-72 வகை டாங்கியினுள் மூவர் அமர்ந்து செல்கிறார்கள். எதிரியின் முன்னால் வண்டி நின்றுவிடுமானால் இடருறுவது அம்மூவரின் உயிர். 'பார்த்தாயிற்று' என்று ஏட்டில் கையெழுத்திடும் ஃபிட்டர், உண்மையில் பார்த்திருக்க வேண்டும் என்பது இதனாலேதான்.

1948-இல் நடந்ததொன்றைச் சொல்லலாம். லடாக்குக்குச் செல்லும் வழியிலுள்ள சோஜிலா கணவாய் ஏறக்குறைய 11,500 அடி உயரமுள்ளது. அதனை எதிரிகள் அடைத்துக்கொண்டிருந்தனர். காலாட்படை செய்த முயற்சி கைகூடவில்லை. அப்பொழுது 7-ஆவது குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகளைப் பகுதி பகுதியாகக் கழற்றி, ஸ்ரீநகர் வழியே மறைவாகக் கொண்டு சென்றனர். பாலங்களின் மீது அவற்றைக் கயிற்றுப்பொறி கொண்டு இழுத்துக் கடத்தினர். பால்தாலுக்கு மேலே கோவேறு கழுதைகள் மட்டுமே சென்ற பாதையை வண்டிகள் ஏறும் வழியாக்கியவர்கள் மதராஸ் சாப்பர்கள். நவம்பர் 1-ஆம் நாள், எதிரி கனவிலும் கருதாத உயரத்தில் டாங்கிகள் தோன்றின. கணவாய் நம் வசமாயிற்று. கழற்றியதை மீண்டும் பிழையின்றிப் பூட்டிய கைகள் இல்லையேல் அவ்வெற்றி ஏது?

தமிழகத்துக்கும் இத்தொழிலோடு நெருங்கிய உறவுண்டு. முதல் விஜயந்தா டாங்கி 1965-இல் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. பின்னர் டி-72, டி-90, அர்ஜுன் ஆகியவையும் அங்கே உருவாயின. ஆவடியில் பிறந்த வண்டியைப் பஞ்சாபிலோ பாலைவனத்திலோ பேணிக் காப்பவனும் ஒரு தமிழ் இளைஞனாக இருக்கக்கூடும்.

வதோதராவில் இப்படையினர் 1966-இல் எழுப்பிய ஆலயம் ஒன்றிருக்கிறது. அலுமினியத் தகடு போர்த்திய அதன் மாடத்தின் கீழ் வீற்றிருப்பவர் தட்சிணாமூர்த்தி. வாய் திறவாமல் போதித்த ஆசான் அவர். இயந்திரத் தொழிலும் பெரும்பாலும் அவ்வண்ணமே கைமாறுகிறது. மூத்தவர் ஸ்பானரைப் பிடிக்கும் விதத்தைக் கண்டு இளையவர் கற்கிறார். புத்தகம் வேண்டும், புத்தகம் மட்டும் போதாது.

'எண்ணெய்க் கறை படிந்த வேலை நம் பிள்ளைக்கு எதற்கு?' என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கறை சோப்பில் போய்விடும், கற்றது போகாது. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புதலும் தகாது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி சேருவோருக்குப் பணிக்காலம் நான்கு ஆண்டுகள்; அதன்பின் நிலைத்த பணிக்கு 25 விழுக்காடு வரையினரே எடுத்துக்கொள்ளப்படுவர் என்பது அத்திட்டத்தின் விதி. ஏனையோர் இளவயதிலேயே வெளியுலகில் வேலை தேட வேண்டியிருக்கும். ஆகவே, சேருமுன் ஐ.டி.ஐ.யில் ஒரு தொழிலை முறையாகப் பயிலட்டும். சேர்ந்தபின், பெற்ற பயிற்சி ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தட்டும். விடுமுறையில் வீடு திரும்பும்போது, "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பதோடு, "இந்த ஆண்டு என்ன கற்றாய், தம்பி?" என்றும் கேளுங்கள். இரண்டாவது வினாவுக்கு நல்ல விடை கிடைக்குமாயின், அவனது எதிர்காலம் குறித்து அஞ்ச வேண்டியதில்லை.