மாவு என்றைக்கு அரைத்தது?

பிரியாணிக்குச் சீரகச் சம்பா வாங்கும்போது நம்மை ஏமாற்ற ஆள் கிடையாது. அரிசியை அள்ளி மோந்து பார்ப்போம், பழசா புதுசா என்று குடைவோம், கறி எந்நேரத்தில் வெட்டியது என்று கடைக்காரரை நிற்கவைத்துக் கேட்போம். ஷூ கம்பெனி செக்கிங் டேபிளில் நிற்கும் நம் பெண்கள், அப்பரில் ஒரு தையல் நூலளவு விலகியிருந்தாலும் எடுத்துத் தனியே போட்டுவிடுவார்கள். முகம் தெரியாத ஒரு ஜெர்மன்காரர் காலுக்கு அத்தனை சோதனை. அதே கை, சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும், பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் கிரீம் பிஸ்கட்டில் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் திருப்பிக்கூடப் பார்க்காமல் பிள்ளையிடம் நீட்டுகிறது.

அம்மாக்களைச் சொல்வதாக நினைத்து அப்பாக்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். உங்களுக்குத்தான் அதிகம் வைத்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பாக்கெட்டைத் திருப்புங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான பிஸ்கட்டுகளில் மைதா, சர்க்கரை, பாமாயில் என்று அந்த வரிசை தொடங்கும். மேலே கதிர் படமும் பச்சை நிறமும் போட்டு ‘மல்டிகிரெய்ன்’ என்று விற்பதையும் திருப்புங்கள். ராகியும் ஓட்ஸும் எத்தனை சதவீதம் என்று பொடி எழுத்தில் இருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் படிக்கிற கவனத்தோடு ஒரே ஒருமுறை அதைப் படித்துவிட்டால், பிறகு நான் சொல்ல அதிகம் இருக்காது.

கோதுமை மணியில் மேல்தோல் தவிடு, ஓரத்தில் எண்ணெய்ப் பசையுள்ள முளை, நடுவில் மாவு என்று மூன்று பகுதிகள். நார்ச்சத்தும் இரும்பும் பி வைட்டமின்களும் பெருமளவு முதல் இரண்டில்தான். மைதா அரைக்கும் ஆலை அவை இரண்டையும் நீக்கிவிடுகிறது. காரணம் வியாபாரம். மணி உடைந்ததும் முளையின் எண்ணெயில் காற்று படும், நாளாக ஆகக் காறல் வாடை அடிக்கும். முளையை எடுத்துவிட்டால் மாவு மாதக்கணக்கில் கிடங்கில் கிடக்கும். நூறு கிராம் முழுக்கோதுமை மாவில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. மைதாவில் 3 கிராம்கூடத் தேறாது. சில பிஸ்கட்டுகளில் மைதாவோடு கொஞ்சம் தவிட்டைத் தனியாகக் கொட்டிச் சேர்த்து, உடம்புக்கு நல்லது என்று விலை கூட்டுகிறார்கள். தோல் மண்டிக்காரர்களுக்கு இந்த வித்தை புரியும். மேல்புறத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, பூச்சு அடித்து, அச்சு ஒற்றி, அசல் தோல்போலக் காட்டும் சரக்கை நீங்கள் ஃபுல் கிரெய்ன் விலைக்கு வாங்குவீர்களா?

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் டேனரிக் கழிவுக்காகத் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற கொள்கைகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாடம் நடக்கிறது. பாலாற்றை நானும் நீங்களும் நாளைக்கே சரிசெய்துவிட முடியாது. பிள்ளையின் டிபன் டப்பாவை முடியும்.

இன்னொன்று, இதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் டீ, தொட்டுக்கொள்ள ரெண்டு பொறை. இது பல வீடுகளில் நாஷ்டாவாகவே ஆகிவிட்டது. உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுப்பதில் டீக்கு முக்கியப் பங்கு உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. வீட்டில் செய்யச் சொல்லப்போகும் கேழ்வரகு பிஸ்கட் அதைக் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை. ரத்தசோகைக்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் டீயையும் மைதாவையும் கொடுத்துவிட்டு, பிள்ளை சோர்ந்து போகிறான், படிப்பில் கவனம் இல்லை என்று டியூஷன் மிஸ்ஸிடம் முறையிடாதீர்கள்.

சரி, மாவுக்கு வருவோம். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற ஊர் நம்முடையது. கேவுருக் களி தின்று வளர்ந்த தாத்தா பாட்டி இல்லாத வீடு குறைவு. கேழ்வரகு மணி பொடியாக இருப்பதால் தோலைத் தனியே எடுப்பது கடினம். அதனால் சும்மா அரைத்தாலே முழுத்தானிய மாவுதான். நூறு கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம். அந்த மாவையும் பிடிவாதமாகச் சலித்துச் சலித்து, நார்ச்சத்தைக் குப்பையில் கொட்டுகிற சாமர்த்தியம் நமக்கு மட்டும்தான் உண்டு. சலிக்காதீர்கள். கல்லும் தூசியும் அரைப்பதற்கு முன்னால் போக வேண்டியவை. ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் காயவைத்து அரைத்தால் இன்னும் நல்லது. இரும்பைப் பிடித்துவைக்கும் பொருட்கள் முளைகட்டும்போது குறையும்.

இதைச் செய்ய வேண்டியது அப்பாக்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நிற்கத் தெரிகிறது அல்லவா, அப்படியே மாவு மில்லுக்கும் ஒரு நடை போங்கள். கேழ்வரகு ஒரு கிலோ, கோதுமை ஒரு கிலோ போதும். ரேஷன் கோதுமையானாலும் புடைத்து, கழுவி, நன்றாகக் காயவைத்தது என்றால் சரி. மெஷினில் முந்தி என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய்த் தூளுக்குப் பின்னால் போட்டுவிட்டால் பிஸ்கட் அல்ல, தண்டனை. நைசாக ஓட்டச் சொல்லுங்கள். கொரகொரப்பாக இருந்தால் பிஸ்கட் வாயில் மணலாக நறநறக்கும். சூடான மாவை டப்பாவில் அடைத்து மூடாதீர்கள், வியர்த்துக் கட்டி தட்டும். பேப்பரில் பரப்பி ஆறவிடுங்கள். கம்பு மட்டும் அன்றன்றைய தேவைக்கு அரைப்பதுதான் நல்லது. அதில் எண்ணெய் அதிகம். மாவு சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். ஜவ்வாது மலைச் சாமை கிடைத்தால் ஒரு பங்கு அதையும் சேர்க்கலாம்.

ஓவன் இல்லை என்ற சாக்கு வேண்டாம். அடி கனமான இரும்புச் சட்டியில் கல்லுப்பை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, நடுவில் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடாக்கினால் அதுதான் ஓவன். கேழ்வரகு மாவு நூறு கிராம், கோதுமை மாவு நூறு கிராம், அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். வெண்ணெய் நூறு கிராமையும் பொடித்த நாட்டுச் சர்க்கரை எண்பது கிராமையும் முதலில் குழைத்து, பிறகு மாவைச் சேர்த்து, இரண்டு மூன்று ஸ்பூன் பால் தெளித்துப் பிசையுங்கள். மாவு ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் வெண்ணெய் உருகி, பிஸ்கட் தட்டெங்கும் பரவிவிடும். பிசைந்ததை அரைமணி நேரம் மூடி வையுங்கள். தவிடு ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். இந்த அரைமணியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் ‘ராகி பிஸ்கட் உதிர்ந்து போகிறது’ என்று புகார் சொல்கிறவர்கள். கேழ்வரகுக்கு ஒட்டும் தன்மை இல்லை; கோதுமையைச் சேர்ப்பதே அதற்காக. வட்டமாகத் தட்டி, நெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, சிறுதீயில் பதினைந்திலிருந்து இருபது நிமிடம். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், ஆறியதும் முறுகும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளிக் கருக்கிவிடாதீர்கள்.

இருபத்தைந்து பிஸ்கட் வரும். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய மூன்று கிராம் சர்க்கரை இருக்கிறது, மறந்துவிட வேண்டாம். நாட்டுச் சர்க்கரை என்று பெயர் வைத்ததால் அது மருந்தாகிவிடாது. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் பத்து சதவீதத்துக்குக் கீழேதான் இப்படிச் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வர வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு. ‘வீட்டில் செய்ததுதானே’ என்று டப்பாவைப் பிள்ளை மடியில் வைத்துவிட்டு டிவி பார்க்கப் போகாதீர்கள். வெளியூரிலிருந்து கொரியரில் வரவழைத்து ‘ஆர்கானிக் குக்கி’ தருகிற வசதிக்கார வீடுகளுக்கும் இதேதான். அந்த டப்பாவையும் திருப்பிப் படியுங்கள், மாவு என்றைக்கு அரைத்தது என்று அதில் இருக்கிறதா பாருங்கள்.

“எங்கள் பிள்ளை இதையெல்லாம் தொடமாட்டான்” என்பீர்கள். முதல் வாரம் தொடமாட்டான்தான். மூன்று வருடம் சாக்லேட் கிரீமை நக்கிப் பழக்கியது யார்? முதல் மாதம் கேழ்வரகைக் கால் பங்காக்கி, மீதியைக் கோதுமையாகப் போடுங்கள். தட்டுவதற்கு அவனையே உட்கார வையுங்கள். தான் தட்டிய கோணல் பிஸ்கட்டை எந்தப் பிள்ளையும் தங்கைக்குக்கூட விட்டுக்கொடுக்காது. அதோடு, வீட்டில் பாக்கெட் இருக்கக் கூடாது. பீரோ மேல் ஒளித்து வைத்தாலும் அவனுக்குத் தெரியும். உங்களுக்காக வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும்.