மணலில் விழுந்த மோதிரம்

சென்னையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். குழந்தைகளோடு பெஸன்ட் நகர் கடற்கரைக்குப் போன இடத்தில், அலையைக் கண்டு ஓடிய சின்னவனைப் பிடித்து இழுத்த அவசரத்தில், கல்யாணத்தின்போது மாமியார் போட்ட அரைப் பவுன் மோதிரம் விரலை விட்டு நழுவிவிட்டதாம். கணவரிடம் சொல்லியாகிவிட்டது. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. கணவரோ 'மெட்டல் டிடெக்டர்' ஒன்று வாங்கித் தேடியே தீருவது என்று விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். சில ஆயிரத்துக்கும் கிடைக்கிறது, லட்சத்தை எட்டும் விலையிலும் இருக்கிறது. எதை வாங்குவது என்று கேட்கிறார்.

அம்மணி, விலையைப் பார்ப்பதற்கு முன்னால் மோதிரம் எந்த மணலில் விழுந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சுண்டல்காரர் உட்கார்ந்திருக்கும் காய்ந்த மணலிலா, அலை வந்து போகும் ஈர மணலிலா? இதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்பின் அடியில் தட்டுப் போல இருப்பதற்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது சுற்றிலும் காந்த சக்தி உண்டாகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள்ளும் சிறிதளவு மின்சாரம் சுழல, யந்திரம் அதை உணர்ந்து 'கீங்' என்று கத்துகிறது. காய்ந்த மணலில் தொந்தரவில்லை. சுமாரான யந்திரமே போதும். ஆனால் உப்புத் தண்ணீரிலும் மின்சாரம் ஓடும் அல்லவா? ஈர மணலுக்குப் போனால் மலிவு யந்திரத்துக்குக் கடலே ஒரு பெரிய உலோகத் துண்டாகத் தோன்றுகிறது. ஓயாமல் கத்தும், அல்லது கத்தாமல் இருக்க அதன் காதை மந்தமாக்கிவிட வேண்டியிருக்கும். அப்புறம் மோதிரமும் கேட்காது. மணவாளக்குறிச்சிப் பக்கம் போல மணல் கறுப்பாக இருந்தால் அதில் கலந்திருக்கும் தாதுக்களும் சேர்ந்து குழப்பும்.

ஆகவே ஈர மணலுக்கு, ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்யும் யந்திரமாகக் கேட்டு வாங்குங்கள். உப்பின் கூச்சலையும் உலோகத்தின் குரலையும் அது ஓரளவு பிரித்துவிடும். 'பல்ஸ்' என்று இன்னொரு ஜாதி உண்டு. உப்பை லட்சியமே செய்யாது, ஆழமாகவும் தேடும். ஆனால் ஆணிக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாது. நம் கடற்கரையில் கிடக்கும் சோடா மூடிகளை நினைத்தால் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

குப்பையை ஒதுக்கும் வசதி இருக்கிறதே என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். அங்கேதான் ஏமாறக்கூடாது. சின்னத் தங்க மோதிரம் எழுப்பும் ஒலியும் சாக்லேட் சுற்றிய அலுமினியத் தகடு எழுப்பும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றுதான். தகட்டை ஒதுக்கச் சொன்னால் மோதிரத்தையும் ஒதுக்கிவிடும்! இரும்பை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் தோண்டத்தான் வேண்டும். ஒன்று ஆறுதல்: மோதிரம் வளையமாக இருப்பதால் நன்றாகவே கேட்கும். மெல்லிய சங்கிலிதான் கஷ்டம். யந்திரம் அதன் கண்ணிகளைத் தனித்தனிப் பொடியாகத்தான் பார்க்கும்.

கடையில் மேஜைமேல் நாணயத்தை வைத்துக் காட்டுவதைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டிலேயே பரீட்சை செய்யலாம். பிளாஸ்டிக் வாளியில் மணலைக் கொட்டி, லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். கடல் நீரின் உப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். அதே எடையுள்ள வேறு மோதிரத்தை ஒரு சாண் ஆழத்தில் புதைத்துத் தேடச் சொல்லுங்கள். வாளிக்குக் கைப்பிடிக் கம்பி இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.

கம்பி என்றதும் ஞாபகம் வருகிறது. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டபோது, உடம்பில் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க, டெலிபோனுக்குப் பெயர்போன கிரஹாம் பெல் இப்படி ஒரு கருவியோடு வந்தார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் குழப்பியதும் ஒரு காரணம் என்பார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் ஜனாதிபதி இறந்துபோனார். பெல்லுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்? தேடப் போகும்போது வளையல், கொலுசைக் கழற்றி வைத்துவிடுங்கள். மெட்டியைக் கழற்ற மனம் வராவிட்டால் தட்டைக் காலருகே கொண்டுவராதீர்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் முழுவதும் உங்கள் கால் விரலையே கண்டுபிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

தட்டு மட்டுமின்றி மேலே உள்ள பெட்டியும் தண்ணீர் தாங்குமா என்று கேளுங்கள். காதில் மாட்டும் கருவி வேண்டும், அலை ஓசையில் வேறு வழியில்லை. பூரி எடுக்கும் ஜல்லிக் கரண்டிக்கு அண்ணன் போன்ற ஓட்டைக் கரண்டி ஒன்றும் தேவை. கடல் உள்வாங்கியிருக்கும் நேரமாகப் போய், மணலில் கோடு கிழித்து வரிசை வரிசையாக, கோலம் போடுகிற ஒழுங்கில் நடக்க வேண்டும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு அரித்துவிடும்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அந்தக் கரையில் ஆமைகள் குழி பறித்து முட்டையிடும் காலம். கண்ட இடத்தில் தோண்டிவிடாதீர்கள். மகாபலிபுரத்துக் கோவில் எல்லைக்குள் கரண்டியை எடுக்கவே கூடாது. மண்ணில் புதைந்த பழைய புதையல் ஏதாவது அகப்பட்டு, அது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. பத்து ரூபாய்தான்!

ஒளிக்காமல் சொல்கிறேன்: அலை புரளும் இடத்தில் விழுந்திருந்தால், நாளாக ஆக மோதிரம் கீழே கீழே போய்க்கொண்டிருக்கும். அரைப் பவுனுக்காக அதைவிட அதிக விலைக்கு யந்திரம் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெரிந்தவர் யாரிடமாவது நல்லதாக ஒன்று இருந்தால், இந்த வாரமே அவரைக் கையோடு அழைத்துப் போங்கள். அப்படியும் உங்கள் கணவர் வாங்கித்தான் ஆவேன் என்றால், அது வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மாமியாரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் காதில் குழாயை மாட்டிக்கொண்டு, ஓட்டைக் கரண்டியும் கையுமாகப் புறப்படும் பிள்ளையைப் பார்த்து, எங்கேடா போகிறாய் என்று அவர் கேட்காமலா இருப்பார்?